மின்சாரக் குத்தகையாளரை அமர்த்துமுன்



தோட்டத்தில் உழைத்த நம் மக்களுக்கு நிறுவை என்றால் என்னவென்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பால் வாளியைச் சுமந்து வந்து ஸ்டோரில் நிறுத்த பிறகு, கிராணியார் புத்தகத்தில் எழுதும் எண்ணை எட்டிப் பார்க்காமல் நகர்ந்த தொழிலாளி யார்? செம்பனைக் குலையை எண்ணும்போதும் அப்படித்தான். நேற்று எத்தனை, இன்று எத்தனை, பக்கத்து நிரைக்காரருக்கு எத்தனை என்று மனத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் நீட்டி, "எத்தனை பேர் விழுந்திருக்கிறது, படி" என்று கேட்ட தாய்மார்களை ஆசிரியர்களாகிய நாங்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறோம்.

இவ்வளவு கண்ணும் கருத்துமாகக் கணக்குப் பார்க்கும் நாம், சொந்த வீட்டுக்கு ஒயரிங் செய்ய ஆளை அழைக்கும்போது மட்டும் ஒன்றும் கேட்பதில்லை. "தெரிந்த ஆள், விலையும் குறைவு" என்ற இரண்டு சொற்களோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த ஆள் யார், அவருக்கு அந்த வேலையைச் செய்ய உரிமை உண்டா, இதற்கு முன் எங்கே என்ன செய்தார் என்பதை எப்படிக் கேட்டறிவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நாம் கேட்காமல் பழகியதற்குக் காரணம் உண்டு. லயத்து வீட்டில் மின்சாரம் நிர்வாகத்தின் காரியம். பல தோட்டங்களில் ஒரு காலத்தில் மாலையில் ஜெனரேட்டர் ஓடும், இரவு குறிப்பிட்ட நேரத்தில் நின்றுவிடும். பல்பு எரியவில்லை என்றால் மண்டோரிடம் சொல்வோம், தொழிற்சாலையிலிருந்து யாராவது ஏணியோடு வருவார்கள். தொழிலாளர் வீட்டு வசதிகளுக்கான குறைந்தபட்ச அளவை வரையறுத்த 1990-ஆம் ஆண்டுச் சட்டம், தோட்ட வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்யும் கடமையை முதலாளியின் தலையில் வைத்தது. ஆகவே சுவருக்குள் ஓடும் கம்பி நம்முடையது என்ற எண்ணமே நமக்கு வந்ததில்லை.

இன்று நிலைமை வேறு. காப்பார், மேரு, பூச்சோங் பக்கமெல்லாம் தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அங்கிருந்து வந்த குடும்பங்கள் கிள்ளானிலும் அதைச் சுற்றியும் மலிவு விலை வீடு, வரிசை வீடு, அடுக்குமாடி வீடு என்று குடியேறியிருக்கின்றன. மீட்டர் வரைக்கும் உள்ளது தெனாகா நேஷனலின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டி ஓரடி வைத்தால் அது வீட்டுக்காரரின் பொறுப்பு. பின்கட்டில் சமையலறையை நீட்டினாலும், குளியலறையில் சுடுநீர்ப் பெட்டி மாட்டினாலும், மகன் சம்பாதித்து ஏர்கான் வாங்கிப் போட்டாலும், அதற்குக் கம்பி இழுக்கும் ஆளைத் தேடிப் பிடிப்பவர் நாமே.

தையற்காரர் தைத்த சட்டையைப் போட்டுப் பார்த்தால் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். கொத்தனார் கட்டிய சுவர் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். மின்சார வேலை மட்டும் அப்படித் தெரியாது. சரியாகச் செய்த வீட்டிலும் சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரிகிறது. படுமோசமாகச் செய்த வீட்டிலும் எரிகிறது. எர்த்துக் கம்பியை இணைக்காமலே விட்டாலும் மின்விசிறி சுற்றும், அரிசி வேகும், தொலைக்காட்சியில் படம் ஓடும். இப்படி ஐந்தாண்டு, பத்தாண்டு ஓடலாம். ஒருநாள் சலவை இயந்திரத்துக்குள் ஒரு கம்பியின் உறை தேய்ந்து இரும்பைத் தொடும். அப்போது ஈரக் கையோடு அதைத் தொடுகிறவர் யாரோ, அவர்தான் அந்த வேலையைச் சோதித்துப் பார்க்கிறவர் ஆகிறார்.

ஆகையால் விளக்கு எரிவதைப் பார்த்து வேலையை மெச்சுவதில் பொருளில்லை. செய்தவரின் தகுதியையும், அவர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளையும் பார்த்துத்தான் மின்சார வேலையை எடைபோட முடியும்.

சுடுநீர்ப் பெட்டியை ஒரு சான்றாக எடுத்துக்கொள்வோம். உடனுக்குடன் நீரைச் சூடாக்கும் பெட்டிகளில் 3,600 வாட் கொண்டவை சாதாரணமாகக் கிடைக்கின்றன. நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 3,600-ஐ 230-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 16 ஆம்பியர் வருகிறது. நாம் பயன்படுத்தும் மூன்று முள் பிளக்கு தாங்குவது 13 ஆம்பியர்தான். அப்படியானால் இந்தப் பெட்டிக்குப் பிரதான பெட்டியிலிருந்து தனிக் கம்பி, தக்க பருமனில் வரவேண்டும். அரை நாளில் வேலையை முடித்துக் காசு வாங்கிப் போக நினைப்பவர் என்ன செய்வார்? குளியலறை விளக்குக்குப் போகும் மெல்லிய கம்பியிலிருந்தே ஒரு கிளை எடுத்துவிடுவார். தண்ணீர் சுடும், வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. கூரைக்குள்ளே அந்தக் கம்பி ஒவ்வொரு குளியலின்போதும் சூடேறி, அதன் உறை கொஞ்சம் கொஞ்சமாக இறுகி உடைந்துகொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

பியூஸ் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். பியூஸ் கம்பியைக் காக்க வந்தது, ஆளைக் காக்க வந்ததன்று. மனித உடலில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாய்ந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. பழைய 25 வாட் குண்டு விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் அது ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. 13 ஆம்பியர் பியூஸ் எரிவதற்கு அதைப்போல் நானூறு மடங்குக்கு மேல் வேண்டும். ஆளைக் காக்க வைத்திருப்பது ஈ.எல்.சி.பி. என்று நம்மவர் சொல்லும் கசிவு தடுக்கும் சுவிட்சு. கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கான இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியரிலும், குளியலறைபோல ஈரம் உள்ள இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரிலும் அது துண்டிக்க வேண்டும் என்று நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. சுடுநீர்ப் பெட்டி மாட்ட வருகிறவரிடம், "இதற்கு எத்தனை மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. போடுவீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "10" என்று உடனே சொன்னால் மேலே பேசலாம். "அதெல்லாம் எதற்கம்மா, ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று சிரித்தால், ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம்.

இனி, யாருக்கு இந்த வேலை செய்ய உரிமை உண்டு என்று பார்ப்போம். இதைக் கண்காணிப்பது சுருஹான்ஜாயா தெனாகா என்னும் எரிசக்தி ஆணையம். 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது, தலைமையகம் புத்ராஜெயாவில் இருக்கிறது. மின்சார வேலையைக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனம் இந்த ஆணையத்தில் மின்சாரக் குத்தகையாளராகப் பதிந்திருக்க வேண்டும். இது ஒரு தாள். அந்த வேலையை நேரில் நின்று மேற்பார்க்கும் ஆள், பென்டவாய் என்னும் ஒயர்மேன், தேர்வு எழுதித் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். இது இன்னொரு தாள். முன்னது நிறுவனத்துக்கு உரியது, பின்னது மனிதருக்கு உரியது. ஒன்றிருந்தால் மற்றொன்று தானாக வந்துவிடாது.

ஒயர்மேன் சான்றிதழிலும் வேறுபாடு உண்டு. ஒற்றை ஃபேஸ் வேலைக்கு மட்டும் உரிமை பெற்றவர்கள் இருக்கிறார்கள், மூன்று ஃபேஸ் வேலைக்கும் உரிமை பெற்றவர்கள் இருக்கிறார்கள். வேலை முடிந்தபின் சோதனை செய்து கையெழுத்திட எல்லா ஒயர்மேனுக்கும் அதிகாரம் இல்லை, சோதனைக்கான அனுமதி பெற்றவருக்கே உண்டு. உங்கள் வீட்டில் ஏர்கான், அடுப்பு என்று சுமை கூடி மூன்று ஃபேஸுக்கு மாற்றுவதாக இருந்தால் இதை அவசியம் கேட்க வேண்டும்.

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெண்கள் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை. பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்.

"அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சுருஹான்ஜாயா தெனாகா சான்றிதழைக் கொஞ்சம் காட்டுங்கள்."

"அக்கா, இருபது வருசமா இந்த வேலைதான் பார்க்கிறேன். கிள்ளானில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்."

"இருக்கட்டும் அண்ணே. இருபது வருசம் செய்தவரிடம் சான்றிதழ் இல்லாமலா இருக்கும்? எண்ணை மட்டும் குறித்துக்கொள்கிறேன். என் மகள் பார்க்கவேண்டும் என்கிறாள்."

பழியைப் பிள்ளைமேல் போட்டுவிட்டால் யார் மனமும் நோகாது! உண்மையில் மகள் பார்க்கவும் முடியும். பதிவு பெற்ற குத்தகையாளர்களையும் தகுதி பெற்ற ஆட்களையும் ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். பிள்ளையின் கைத்தொலைபேசியில் சில நிமிட வேலை. சான்றிதழில் உள்ள பெயர், பதிவு எண், முகவரி, முடிவுத் தேதி இந்த நான்கையும் அதிலுள்ளவற்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். முடிவுத் தேதியைப் பலர் கவனிப்பதில்லை. சட்டகம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ் ஆறு வருடத்துக்கு முன்பே காலாவதி ஆகியிருக்கலாம். சட்டகத்துக்குக் காலாவதி கிடையாது, சான்றிதழுக்கு உண்டு. இன்னொன்றும் நடப்பதுண்டு. சான்றிதழ் செல்லுபடியாகும், ஆனால் அது வேறொருவருடைய நிறுவனம், வந்திருப்பவர் அதன் நகலை வைத்துக்கொண்டு சுற்றுபவர். ஆகவே அந்தச் சான்றிதழில் உள்ள முகவரிக்கோ நிறுவனத்துக்கோ நீங்களே தொடர்புகொண்டு, "இன்னார் உங்கள் ஆள்தானா?" என்று கேட்டுவிடுவது நல்லது. வந்தவர் கொடுத்த எண்ணுக்கே கூப்பிட்டால், பதில் சொல்கிறவரும் அவருடைய நண்பராகவே இருக்கலாம்.

வேறு தாள்களைக் காட்டி நம்மைத் திருப்பி அனுப்புவதும் உண்டு. நிறுவனங்கள் ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிந்த தாளைக் காட்டுவார்கள். அது அவர் கடை நடத்தலாம் என்று சொல்கிறது, கம்பி போடலாம் என்று சொல்லவில்லை. காய்கறிக் கடைக்கும் அதே பதிவுதான். சி.ஐ.டி.பி. என்னும் கட்டுமான வாரியத்தின் அட்டையைக் காட்டுவார்கள். அது கட்டுமான இடத்தில் வேலை செய்பவருக்குரியது. நல்ல அட்டைதான், ஆனால் ஒயர்மேன் சான்றிதழின் இடத்தை அது நிரப்பாது. சட்டைப்பையில் மின்னல் படம் தைத்திருப்பதை நாம் தாளாகவே எண்ண வேண்டியதில்லை.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று சலித்துக்கொள்கிறவர்கள் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1881-ஆம் ஆண்டு ஜனவரியில் கோலாலம்பூரில் பெருந்தீ பிடித்தது. ஓர் எண்ணெய் விளக்கு சாய்ந்ததில் தொடங்கியது என்பார்கள். மரமும் அத்தாப்புமாக இருந்த பட்டணத்தின் பெரும்பகுதி அதில் எரிந்துபோயிற்று. அந்த ஆண்டுக் கடைசியில் வெள்ளமும் வந்தது. அதன்பின் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று ரெசிடென்ட் சுவெட்டன்ஹாம் காலத்தில் விதி வந்தது. அந்தச் செங்கல்லைச் சுட்ட சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். நாம் பூமாலையும் பலகாரமும் வாங்கப் போகும் அந்த இடத்தின் பெயருக்கு அடியிலேயே ஒரு தீவிபத்தும் ஒரு கட்டட விதியும் கிடக்கின்றன.

மின்சாரமும் நமக்கு அந்நியச் சரக்கன்று. 1894-இல் ராவாங்கில் தங்கள் ஈயச் சுரங்க வேலைக்காக மின்சாரப் பொறியை நிறுவி, மலாயாவில் மின்சாரப் பயன்பாட்டைத் தொடங்கி வைத்தவர்கள் என்று வரலாறு குறிக்கும் இருவரில் ஒருவர் லோக் இயூ, மற்றவர் நம் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலைக் கோயிலோடு சேர்த்து அவரை நினைக்கிற நாம் இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பேச்சுக்கு வருவோம். தகுதி இருக்கிறது என்று கண்டுகொண்டோம். பழைய வேலை எப்படி என்று எவ்வாறு அறிவது?

அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டில் பெரிய மின்சார வேலை செய்யுமுன் நகராட்சியில் அனுமதி எடுக்க வேண்டும். அதிகாரி வந்து பார்த்துத் தேறியது, தேறவில்லை என்று எழுதுவார். எந்தக் குத்தகையாளர் எந்த வீட்டுக்கு அனுமதி எடுத்தார், எத்தனை முறை தவறினார் என்பதைப் பல ஊர்களில் பொதுமக்களே ஏட்டில் பார்க்கலாம். நம்மிடத்தில் முறை வேறு. இங்கே தகுதி பெற்ற ஆளே பொறுப்பேற்று எழுதிக் கொடுக்கிறார். வேலையை மேற்பார்த்து முடித்ததற்குப் போராங் ஜி என்ற படிவம். சோதனை செய்ததற்குப் போராங் எச் என்ற படிவம். இந்த இரண்டும்தான் ஒரு குத்தகையாளரின் சரித்திரம். அவர் பத்து வீட்டில் வேலை செய்திருந்தால் பத்து வீட்டிலும் இந்தத் தாள்கள் இருக்கவேண்டும்.

ஆகவே அவரிடம் கேளுங்கள்: "தம்பி, இரண்டு மூன்று வருடத்துக்கு முன் நீங்கள் ஒயரிங் செய்த வீடு ஒன்று சொல்லுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் போய்ப் பார்க்கிறோம்." போன வாரம் முடித்த வீடு வேண்டாம். புது வேலை எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு வருடம் மழையும் இடியும் பார்த்த வீடாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போங்கள். போய், விளக்கு அழகாக இருக்கிறது என்று பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். போராங் ஜி, எச் இரண்டும் கையில் கொடுத்தாரா, கேட்டுத்தான் கொடுத்தாரா? பிறகு ஏதாவது கோளாறு வந்ததா, கூப்பிட்டபோது வந்தாரா? சொன்ன தொகைக்கு மேல் கேட்டாரா? வேலையைச் செய்தது அவர்தானா, இல்லை யாரோ இரண்டு பையன்களை விட்டுவிட்டு மாலையில் மட்டும் எட்டிப் பார்த்தாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வீட்டுக்கார அம்மாதான் சரியான பதில் சொல்வார். பகலெல்லாம் வீட்டில் இருந்து தேநீர் போட்டுக் கொடுத்தவர் அவரல்லவா?

அந்த வீட்டில் போராங் எச் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் சோதனைகளின் முடிவுகள் இருக்கும். கம்பியின் உறை எவ்வளவு நன்றாக மின்சாரத்தைத் தடுக்கிறது என்பதை மெகாஓம் என்ற அளவில் எழுதுவார்கள். அது 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. எர்த்துக் கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா, கசிவு தடுக்கும் சுவிட்சு உரிய அளவில் துண்டிக்கிறதா என்பனவும் இருக்கும். நமக்கு ஓம் புரியாவிட்டாலும் ஒன்று புரியும். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண் எழுதியிருந்தால், அந்த எண்கள் மீட்டரிலிருந்து வந்தவைதானா என்று கேட்க வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளும் ஒரே விடையை, ஒரே எழுத்துப் பிழையோடு எழுதி வந்தால் ஆசிரியர்களுக்குத் தெரியாதா என்ன? கூடத்துக் கம்பியும் சமையலறைக் கம்பியும் நீளத்தில் வேறு, வளைவில் வேறு. அளந்தால் எண்ணும் பெரும்பாலும் கொஞ்சமாவது வேறுபடும்.

போராங் என்றாலே நெற்றியைச் சுருக்கி, "சின்ன வேலைக்கெல்லாம் அது தேவையில்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். பழுதான சுவிட்சு மூடியை மாற்றுவதைப் பற்றி நாம் பேசவில்லை. புதிதாகக் கம்பி இழுக்கிற வேலையை, பிரதான பெட்டியைத் திறக்கிற வேலையைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குத் தாள் தர மாட்டேன் என்பவர், தன் வேலைக்குத் தானே சாட்சி சொல்ல மறுக்கிறார்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமானது. நம் குடும்பங்களில் கைவேலை தெரிந்த ஒரு தம்பி, ஒரு மருமகன் எப்போதும் இருப்பார். தோட்டத்துத் தொழிற்சாலையில் மோட்டார் கழற்றிப் பூட்டியவர். கெட்டிக்காரர்தான், ஐயமில்லை. கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் முதலில் வந்து நிற்பவர். அவரை விட்டு வெளியாளை அழைத்தால் முகம் வாடும். அழைத்தாலோ, கூலி பேச முடியாது, தவறு இருந்தால் சொல்லவும் முடியாது. நாம் சொல்வது இதுதான்: அவருடைய கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு தாள் வாங்கிக் கொடுக்க வழி பாருங்கள். தொழிற்பயிற்சிக் கழகங்களிலும் கியாட்மாரா நிலையங்களிலும் மின்சாரப் பயிற்சிகள் உண்டு. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றுவிட்டால், அந்தத் தம்பி நம் வீட்டுக்கு மட்டுமா வேலை செய்வார்? கிள்ளானில் ஒயர்மேன் சான்றிதழ் உள்ளவருக்கு வேலை இல்லாமல் போகாது. ஐந்தாம் படிவத்தோடு நின்று, மூட்டை தூக்கப் போவதா, காவலுக்குப் போவதா என்று தடுமாறும் நம் பையன்களில் எத்தனை பேருக்கு இது பொருந்தும்! சான்றிதழ் வரும்வரை அவர் பதிவு பெற்ற குத்தகையாளரின் கீழ் உதவியாளராக இருந்து பழகட்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு தொல்லையையும் சொல்லவேண்டும். உலகத்திலேயே இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களில் இதுவும் ஒன்று. மாலை மூன்று மணிக்கு வானம் கறுத்தால் ஈ.எல்.சி.பி. படக்கென்று விழும். ஐஸ்பெட்டியில் வைத்த மீன் கெட்டுப்போகும், வேலை முடிந்து வந்தால் வீடு இருட்டாக இருக்கும். சலிப்பு வரத்தான் செய்யும். அந்தச் சலிப்பைப் பயன்படுத்திக்கொண்டு, "இதைத் தாண்டி நேராக இணைத்துவிடட்டுமா? இனி விழாது" என்று கேட்பவர் ஒருவர் வருவார். ஐம்பது வெள்ளிக்குச் செய்துவிட்டும் போவார். பிறகு அது விழவே விழாது. ஆளுக்கு மின்சாரம் பட்டாலும் விழாது. இப்படி ஒரு யோசனையைச் சொன்னவரை, எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும், அந்தச் சொல்லுக்காகவே மறுத்துவிட வேண்டும். அடிக்கடி விழுந்தால் காரணம் ஒன்று இருக்கிறது. நனைந்த கம்பியோ, பழுதான கருவியோ, இடிக்குத் தாங்காத பழைய சுவிட்சோ. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஒயர்மேனுக்குக் கூலி. ஈ.எல்.சி.பி.யில் 'டி' என்ற எழுத்துப் போட்ட சிறு பொத்தான் இருக்கிறது, மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிட வேண்டும்.

காசு விஷயத்தில் ஒரு வார்த்தை. என்ன வேலை, எத்தனை பாயிண்டு, என்ன கம்பி, ஈ.எல்.சி.பி. எந்த அளவு, சுவிட்சுகளில் சிரிம் முத்திரை உண்டா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். அந்தத் தாளிலேயே அவருடைய பதிவு எண்ணும் இருக்கட்டும். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்கக் கூடாது. நாலில் ஒரு பங்கையாவது கடைசிவரை கையில் வைத்திருந்து, போராங் ஜியும் எச்சும் கைக்கு வந்தபின் எண்ணிக் கொடுங்கள். விளக்கு எரிந்ததும் காசு கொடுத்துவிட்டால், தாள் நாளை வரும், மறுநாள் வரும், தீபாவளி கழித்து வரும்.

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் போடும் தற்காலிக விளக்குகளுக்கும் இதே விசாரணை வேண்டும். அங்கே தரை நனைந்திருக்கும், பந்தல் கால் இரும்பாக இருக்கும், குழந்தைகள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் அன்பர்கள், பந்தல்காரர் விளக்கையும் சேர்த்துப் பேசும்போது, கம்பி போடப்போவது எந்த ஒயர்மேன் என்று பெயரைக் கேட்டு எழுதி வைக்கலாம்.

பழைய வீடு வாங்குகிறவர்கள் என்ன செய்வது? விற்பவரிடம் போராங் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்பார், பெரும்பாலும் இல்லைதான். அப்போது குடிபுகுமுன், சோதனை செய்யும் அதிகாரம் பெற்ற ஒயர்மேன் ஒருவரை அமர்த்தி, வீடு முழுவதையும் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சுவருக்கு வண்ணம் பூசுவதற்கு முன் செய்துகொண்டால் சுவரை இரண்டு தடவை உடைக்க வேண்டியிராது. சோதித்தவர் குறை சொன்னால், அந்தக் குறையைத் தீர்க்கும் வேலையையும் அவருக்கே கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொருவரிடமும் விலை கேட்கலாம். வெளிக்கம்பியிலோ மீட்டரிலோ கோளாறு என்றால் யாரையும் தொடவிடாமல் தெனாகா நேஷனலை 15454 என்ற எண்ணில் அழையுங்கள். மீட்டர் முத்திரையை உடைப்பது குற்றம். பதிவில்லாமல் வேலை செய்தவரைப் பற்றியோ, வேலை செய்துவிட்டுத் தாள் தர மறுப்பவரைப் பற்றியோ எரிசக்தி ஆணையத்துக்கு எழுதலாம். எழுதும்போது பெயர், பதிவு எண், ரசீது, தேதி எல்லாம் இருந்தால்தான் அவர்களால் விசாரிக்க முடியும்.

வாங்கிய போராங்குகளை வீட்டு கிராந்தோடும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடும் ஒரே உறையில் வையுங்கள். ஒரு நகலை பிரதான பெட்டியின் கதவுக்கு உட்புறம் பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வையுங்கள். பத்தாண்டு கழித்து வேறொரு ஒயர்மேன் வந்து பெட்டியைத் திறக்கும்போது, முன்பு யார் செய்தது, என்றைக்குச் செய்தது, அன்றைக்கு எத்தனை மெகாஓம் இருந்தது என்று அவர் அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்.